வியாழக்கிழமைக் கிளினிக்

முதல் தடவை அது வந்தது தரம் பத்து வகுப்பில். கணிதம், வட்டங்களும் தொடலிகளும் பாடம். கரும்பலகையில் ஒரு வட்டத்தைப் போட்டுவிட்டுப் பிள்ளைகள் பக்கம் திரும்பியபோது, காரணம் ஒன்றும் இல்லாமல் நெஞ்சு படபடவென்று அடிக்கத் தொடங்கியது. இடது கை விறைத்தது. மூச்சை எவ்வளவு இழுத்தாலும் அடிவரை போகவில்லை. மேசையைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தேன். மௌத்து வந்துவிட்டது, இதுதான் சாவு என்று நினைத்தேன். வாய் தானாகக் கலிமாவைச் சொல்லிற்று.

பிள்ளைகள் கொப்பிகளால் விசிறினார்கள். யாரோ தண்ணீர் கொண்டு வந்தார்கள். அதிபர் தன் வாகனத்திலேயே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். இசிஜி எடுத்தார்கள், இரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லிப் பின்னேரம் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

இரண்டாம் தடவை கல்முனையில் ஒரு புடவைக் கடையில். மூன்றாம் தடவை வீட்டில், மீன் பொரித்துக்கொண்டிருந்தபோது. ஒவ்வொரு தடவையும் ஆஸ்பத்திரி, ஒவ்வொரு தடவையும் அதே பதில். மூன்றாம் தடவை இருந்தவர் என் பழைய மாணவிகளின் வயதுள்ள ஒரு டொக்டர் பிள்ளை. பழைய இசிஜித் தாள்களையும் வாங்கிப் பார்த்தாள். பிறகு கதிரையை என் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

"டீச்சர், உங்கட இதயத்துல ஒரு பழுதும் இல்ல. இது பயம் வாற வருத்தம். நடிப்பில்ல, கற்பனையும் இல்ல, உண்மையான வருத்தம்தான். மனநலக் கிளினிக்குக்கு ஒரு துண்டு எழுதித் தாறன். போய்க் காட்டுங்க."

துண்டை வாங்கினேன். வீட்டுக்கு வந்ததும் அதை நாலாக மடித்து, யாரும் தொடாத பழைய ஆசிரியர் கைந்நூல் ஒன்றுக்குள் வைத்துவிட்டேன். இருபத்திரண்டு வருடமாகப் படிப்பிக்கிறேன். மனதுக்கு வருத்தம் வருவது வெட்கப்படும் விஷயம் இல்லை என்று பிள்ளைகளுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். எனக்கு என்று வந்தபோது அந்தத் துண்டை வீட்டில் வைத்திருக்கவே பயமாக இருந்தது.

அதற்கு முந்தின வருடம் எங்கள் உம்மா மௌத்தாகியிருந்தார். ஏழு மாதம் படுக்கையில் கிடந்தார், நான்தான் பார்த்தேன். மையித்து வீட்டுக்கு ஊரே வந்தது. வந்தவர்களைக் கவனிப்பதிலேயே நாட்கள் போயின. பதினைந்தாம் நாள் பாடசாலைக்குப் போய்விட்டேன். அதே வருடம் மூத்த மகள் பல்கலைக்கழகம் கிடைத்துக் கம்பஸுக்குப் போனாள். ஒரு அறை காலியானது, பிறகு இன்னொரு அறை. இதற்கும் நெஞ்சடிப்புக்கும் ஏதாவது தொடர்பு இருக்கும் என்று அப்போது எனக்குத் தோன்றவே இல்லை.

எங்கள் வீடு சாய்ந்தமருதில். பக்கத்து வீடு என் அக்காவுடையது. ராத்தா என்றுதான் கூப்பிடுவேன். என்னைவிட எட்டு வயது மூத்தவர். இரண்டு வளவுக்கும் நடுவில் ஒரு மதில், மதிலில் ஒரு சின்னக் கதவு. அந்தக் கதவைப் பூட்டிய ஞாபகம் எனக்கு இல்லை. அக்காவின் கணவரை நான் மச்சான் என்பேன். படகு எஞ்சின் திருத்துகிறவர். கடற்கரையில் அவருடைய கொட்டில் இருக்கிறது. அவர் சிரித்தால் மதிலுக்கு இந்தப் பக்கம் கேட்கும். என் கணவர் அம்பாறையில் ஒரு அலுவலகத்தில் வேலை. விடிய ஆறரை பஸ்ஸில் போனால் பொழுது பட்டுத்தான் வருவார். ஆகவே எனக்கு என்ன நடந்தாலும் முதலில் ஓடி வருவது அக்காதான்.

"ஒனக்குக் கண்ணூறு புள்ள, வேற ஒண்டுமில்ல" என்றார் அக்கா. "மகள் கம்பஸ் எடுபட்டாளே, அதிலதான் ஊரட கண் விழுந்திரிக்கி."

எங்கள் பள்ளிவாசல் மௌலவியிடம் கூட்டிப் போனார். மௌலவி பொறுமையாகக் கேட்டார். தண்ணீர் ஓதித் தந்தார். பிறகு, "டொக்டருமாரு என்ன சொன்னாங்க?" என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்துவிட்டு, "ஒண்டும் இல்லையாம்" என்றேன்.

"மறுகா ஏதும் சொன்னா அதயும் கேளுங்க டீச்சர். இந்தத் தண்ணியும் அந்த மருந்தும் ஒண்டோட ஒண்டு சண்டை பிடிக்காது."

அவர் எதையாவது ஊகித்தாரோ தெரியாது. நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

அந்த நாட்களில் கைபேசிதான் எனக்கு டொக்டர். விடியற்காலை சுபஹு தொழுத கையோடு தேடத் தொடங்குவேன். நெஞ்சடிப்பு என்று தட்டினால் ஆயிரம் வீடியோ வரும். ஒருவர் கருஞ்சீரகத் தூள் விற்றார். ஒருவர் பழைய நினைவுகளைக் கல்லில் எழுதி ஆற்றில் எறியச் சொன்னார். நான் கடலில் எறியலாமா என்றுகூட யோசித்தேன். ஆங்கிலத்தில் இருபது கேள்வி கேட்டு, முடிவில் சிவப்பு நிறத்தில் எனக்கு இத்தனை புள்ளி என்று போட்ட இணையத்தளமும் உண்டு. அந்தச் சிவப்பைப் பார்த்த நாள் முழுக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. வட்ஸ்அப்பில் யாரோ அனுப்பிய குரல் பதிவைக் கேட்டு ஒரு வாரம் வெறும் வயிற்றில் தேசிக்காய்ச் சாறு குடித்து, நெஞ்செரிவும் சேர்ந்தது. செய்கைவழி இல்லாமல் விடை மட்டும் எழுதினால் புள்ளி தரமாட்டேன் என்று பிள்ளைகளிடம் சொல்கிற நான், யார் என்ன விடை சொன்னாலும் நம்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் அந்தத் தேடலுக்கு நடுவே அரசாங்கத்தின் இலவச ஆலோசனை எண் ஒன்று கண்ணில் பட்டது. இரண்டு நாள் அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மூன்றாம் நாள் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அந்த எண்ணுக்கு எடுத்தேன். முதலில் ஒரு குரல் சிங்களத்தில் பேசிற்று. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் "தெமல" என்றேன். கொஞ்சம் பொறுக்கச் சொல்லி வேறொருவருக்குக் கொடுத்தார்கள். தமிழில் ஒரு பெண்.

"வணக்கம், சொல்லுங்க. தண்ணிச் சத்தம் கேக்குது, பாதுகாப்பான இடத்துலதான் இருக்கீங்களா?"

அந்தக் கேள்வி எனக்குப் புதிதாக இருந்தது. யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. ஓம் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். உம்மா படுக்கையில் கிடந்த ஏழு மாதத்தையும் சொன்னேன். அந்தப் பெண் இடையில் ஒரு தடவைகூடப் புத்தி சொல்லவில்லை. கடைசியில்தான் கேட்டார்:

"அந்த டொக்டர் எழுதித் தந்த துண்டு இன்னும் கையில இருக்கா?"

"இரிக்கி."

"அப்ப பாதி வேலை முடிஞ்சுது. பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகக் கூச்சமா இருந்தா வேற ஊர் ஆஸ்பத்திரிக்கும் அந்தத் துண்டோட போகலாம். உங்களுக்கு எது லேசோ அதைச் செய்யுங்க."

குழாயை மூடினேன். வாளி நிறைந்து வழிந்திருந்தது.

தெற்கே நாலைந்து ஊர் தள்ளி ஒரு ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைகளில் கிளினிக் நடப்பதாக விசாரித்து அறிந்தேன். அங்கே என்னைத் தெரிந்தவர்கள் இருக்கமாட்டார்கள். பாடசாலைக்கு லீவு போட்டேன். அக்காவிடம் வலயக் கல்வி அலுவலகத்தில் வேலை என்று பொய் சொன்னேன். கறுப்பு அபாயா, முகத்துக்கு மாஸ்க். பஸ் காரைதீவைத் தாண்டி, நிந்தவூரைத் தாண்டி, வயல்களுக்கு நடுவே போனது. திரும்பி விடலாமா என்று ஒவ்வொரு தரிப்பிடத்திலும் யோசித்தேன். யோசித்து முடிப்பதற்குள் பஸ் புறப்பட்டுவிடும்.

கிளினிக் ஆஸ்பத்திரியின் பின்பக்கம், ஒரு நீண்ட விறாந்தை. இரண்டு பக்கமும் உட்கார வாங்குகள். நான் என்ன எதிர்பார்த்தேனோ தெரியாது, ஆனால் அங்கே இருந்தவர்கள் பஸ்ஸில் என்னோடு வந்தவர்களைப் போலவே இருந்தார்கள். ஒரு தாய் பிள்ளைக்கு பிஸ்கட் ஊட்டினார். ஒரு வயதாளி பத்திரிகை வாசித்தார். எனக்குப் பதினேழாம் நம்பர் தந்தார்கள். மூலையில் போய் உட்கார்ந்தேன்.

எனக்குப் பின்னாலிருந்த வாங்கில் யாரோ இருமினார்கள். இரண்டு சின்ன இருமல், பிறகு ஒரு பெரிய இருமல். அந்த இருமலை நான் மதிலுக்கு அப்பாலிருந்து ஒவ்வொரு நாளும் கேட்கிறேன். திரும்பிப் பார்க்கக்கூடாது என்று நினைத்துக்கொண்டே திரும்பிப் பார்த்தேன்.

மச்சான். இஸ்திரி போட்ட சட்டை, தலையில் தொப்பி, மடியில் ஒரு கிளினிக் கொப்பி. மாஸ்க் போட்டிருந்தும் என்னைக் கண்டுகொண்டார். கொப்பியை மடியில் கவிழ்த்து வைத்தார்.

மாதத்தில் ஒரு வியாழக்கிழமை எஞ்சின் சாமான் வாங்க வெளியூர் போவது அவருடைய பழக்கம். போனால் திரும்பி வரும்போது இரண்டு சட்டி எருமைத் தயிர் கொண்டு வருவார். ஒன்று அவர்கள் வீட்டுக்கு, ஒன்று எங்களுக்கு. என் மகள்மார் இருவரும் அந்தத் தயிரைச் சாப்பிட்டுத்தான் வளர்ந்தார்கள்.

"எஞ்சின் சாமான் வாங்கவா வந்தீங்க மச்சான்?" என்று கேட்டேன். எப்படி அந்த வார்த்தை வாயில் வந்ததோ தெரியாது.

அவர் முகம் முதலில் இறுகியது. பிறகு தோள் குலுங்கியது. சத்தம் வராமல் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. விறாந்தை முழுக்க எங்களைத் திரும்பிப் பார்த்தது.

அவர் எழுந்து வந்து, ஒரு ஆள் இடைவெளி விட்டு என் வாங்கில் உட்கார்ந்தார்.

"எவ்வளவு காலமா மச்சான்?"

"உங்கட மூத்தவ நர்சரிக்குப் போகக்குள்ள தொடங்கின."

அவள் இப்போது கம்பஸில் இரண்டாம் வருடம்.

சுனாமியில் கடல் ஊருக்குள் வந்து போனதற்குப் பிறகு, அவர் கொட்டிலைத் திரும்பக் கட்டி வேலையைத் தொடங்கியிருந்தார். எல்லோரும் அவரை மெச்சினார்கள்; எவ்வளவு சீக்கிரம் எழும்பிவிட்டார் என்றார்கள். இரண்டு மூன்று வருடம் கழித்துத்தான் கை நடுங்கத் தொடங்கியதாம். ஸ்பேனர் பிடிக்க முடியவில்லை. எஞ்சினை ஸ்டார்ட் பண்ணினால் அந்தச் சத்தத்துக்குள் வேறொரு சத்தம் கேட்டது. எஞ்சின் திருத்த வந்த வேறூர் ஆள் ஒருவர் தன் தம்பியை இங்கே காட்டியதாகச் சொல்ல, இவரும் வந்தார்.

"மருந்தெண்டு இப்ப ஒரு குளிசைதான். மாசத்துக்கு ஒருக்கா வந்து கதைச்சிட்டுப் போவன். கதைக்கிறதுதான் பெரிசு மச்சி. குளிசை கையப் பிடிச்சி நிப்பாட்டும். கதைச்சாத்தான் கை நம்மட கையாகும்."

"ராத்தாவுக்குத் தெரியுமா?"

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். "எங்கட வீட்டுல பயந்திருவா."

பதினேழாம் நம்பர் என்று கூப்பிட்டார்கள்.

டொக்டர் ஐம்பது வயது மதிக்கத்தக்க பெண். மட்டக்களப்புப் பக்கத்துப் பேச்சு. என் பயத்தைப் பற்றிக் கேட்பார் என்று வாக்கியங்களை மனதில் அடுக்கி வைத்திருந்தேன். அவரோ எத்தனை மணிக்கு எழும்புகிறேன், காலையில் என்ன சாப்பிடுகிறேன், ஒரு நாளைக்கு எத்தனை கோப்பை தேத்தண்ணி, எத்தனை கரண்டி சீனி, கடைசியாக எப்போது சும்மா இருந்தேன் என்று கேட்டார். கடைசிக் கேள்வியைத் தாண்டிப் போனேன். தேத்தண்ணியை விரல் விட்டு எண்ணினேன். ஏழு வந்தது. பாடசாலையில் மட்டும் நாலு.

"காலையில சாப்பிடாம, கட்டித் தேத்தண்ணி ஏழு குடிச்சா எனக்கும் நெஞ்சடிக்கும் டீச்சர்" என்றார் டொக்டர். "அது மட்டும் காரணமில்ல. ஆனா அதுவும் ஒண்டு. லேசான இடத்துல இருந்து தொடங்குவம்."

பிறகு உம்மாவைப் பற்றிக் கேட்டார். அப்போதுதான் அழுதேன். மையித்து வீட்டில் வராத அழுகை அந்தச் சின்ன அறையில், முன்பின் தெரியாத ஒருவருக்கு முன்னால் வந்தது. அவர் அவசரப்படுத்தவில்லை. வெளியே பதினெட்டாம் நம்பர் காத்திருக்கிறதே என்ற கவலை எனக்குத்தான் இருந்தது.

ஒரு குளிசை எழுதினார். பக்கத்து அறையில் இருந்த ஆலோசகர் ஒருவர் மூச்சை எப்படி மெதுவாக விடுவது என்று காட்டித் தந்தார். இழுப்பதைவிட விடுவதுதான் முக்கியமாம். ஒரு கொப்பியும் வைத்துக்கொள்ளச் சொன்னார்கள். பயம் வரும்போதெல்லாம் நேரம், அதற்கு முன் என்ன நடந்தது, எவ்வளவு நேரம் இருந்தது என்று எழுத வேண்டும்.

இந்தக் கொப்பிதான் எனக்கு மிகவும் உதவியது. நான் கணித ஆசிரியை; எண்களைச் சும்மா எழுதி வைக்கத் தெரியாது. சதுரக் கோட்டுக் கொப்பி எடுத்து வரைபு போட்டேன். கிடையில் நிமிடம், நிலைக்குத்தில் பயத்துக்குப் பத்துக்கு எத்தனை புள்ளி. ஒரு மாதத்தில் ஆறு வரைபு சேர்ந்தன. அவற்றை மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். ஆறும் ஒரே வடிவம். விறுவிறென்று ஏறி, பத்து நிமிடத்துக்குள் உச்சிக்குப் போய், பிறகு இறங்கியிருந்தன. இறங்காத கோடு ஒன்றுகூட இல்லை. அடுத்த தடவை பயம் வந்தபோது, மூன்றாம் நிமிடத்தில் இருக்கிறேன், உச்சிக்கு இன்னும் ஏழு நிமிடம், பிறகு இறங்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பயமாகத்தான் இருந்தது. ஆனால் எங்கே நிற்கிறேன் என்று தெரிந்தது.

கணவரிடம் முதல் கிளினிக் முடிந்த அன்றே சொல்லிவிட்டேன். அவர் தோள் பையை இறக்கி வைத்தார். பிறகு, "நான் என்ன செய்யணும் எண்டு சொல்லுங்க" என்றார். "இப்ப எப்பிடி இப்ப எப்பிடி எண்டு கேக்காம இருந்தாப் போதும்" என்றேன். சிரித்தார். அடுத்த நாள் படுக்கையறையில் இருந்த இரண்டு சார்ஜர்களையும் கழற்றிக்கொண்டு போய் முன் அறையில் மாட்டினார். கைபேசி அங்கே தூங்கட்டும் என்றார். என் கைபேசித் தேடலைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. கவனித்திருக்கிறார்.

தேத்தண்ணியை ஏழிலிருந்து மூன்றாக்க ஐந்து வாரம் பிடித்தது. முதல் வாரம் தலையிடி. சீனியைக் குறைத்த பிளேன்டீ முதலில் மருந்துத் தண்ணியாக இருந்தது. இப்போது மற்றவர்கள் வீட்டுத் தேத்தண்ணிதான் பாணியாகத் தெரிகிறது. காலையில் பயறோ இடியப்பமோ இல்லாமல் வாசலைத் தாண்டுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

நடப்பதுதான் கஷ்டமாக இருந்தது. அரை மணித்தியாலம் நடங்கள் என்று டொக்டர் லேசாகச் சொல்லிவிட்டார். சாய்ந்தமருதில் ஒரு பெண் சும்மா நடந்து பார்க்கவேண்டும்! முதல் நாள் பெரிய வீதிக்குப் போவதற்குள் ஏழு பேர் கேட்டார்கள்: "எங்க டீச்சர் போறீங்க?" ஒரு ஓட்டோக்காரர் காசு வேண்டாம், ஏறுங்கள் என்று வற்புறுத்தினார். பேக்கரிக்குப் பாண் வாங்கப் போகிறேன் என்று சொல்லித் தப்பினேன். சொன்னதற்காக வாங்கவும் வேண்டியிருந்தது. ஒரு வாரம் எங்கள் வீட்டில் எல்லா வேளையும் பாண்தான்.

இதற்கிடையில் மச்சானும் நானும் எங்கள் இரகசியத்தைக் காத்துக்கொண்டிருந்தோம். மாதம் ஒரு வியாழக்கிழமை அவர் எட்டு மணி பஸ்ஸில் போவார், நான் அடுத்ததில். எதிர்ப்பட்டால் அவர் கண்ணைச் சிமிட்டுவார். அக்காவுக்குத் தெரியாமல் அவர் கணவரோடு ஒரு இரகசியம் வைத்திருப்பது எனக்கு உறுத்தியது. ஆனால் அது என் இரகசியம் மட்டும் இல்லையே.

நாலாம் மாதம் அது உடைந்தது. அக்கா தலையிடிக் குளிசை தேடி என் கைப்பையைத் திறந்திருக்கிறார். நான் குசினியில் இருந்தேன். குளிசைக் கடதாசிப் பையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். பையில் கிளினிக்கின் பெயர் எழுதியிருந்தது.

"இது என்ன? பைத்தியத்துக்குக் குடுக்கிற குளிசையா இது?"

"பைத்தியத்துக்கு இல்ல ராத்தா. பயத்துக்கு."

"ஒனக்கு என்ன பயம்? தொழுற, ஓதுற, படிப்பிக்கிற. யாராச்சும் கண்டா என்ன ஆகும் எண்டு யோசிச்சியா? ரெண்டு பொம்புளப் புள்ள இரிக்கி. நாளைக்குக் கலியாணம் பேச வாறவங்க என்ன சொல்லுவாங்க?"

குரல் உயர்ந்துகொண்டே போனது. எனக்கு நெஞ்சு அடிக்கத் தொடங்கியது. அடுப்புத் தட்டைப் பிடித்துக்கொண்டு மூச்சை மெதுவாக விட்டேன். அப்போது மதில் கதவு திறந்தது. மச்சான் மத்தியானச் சாப்பாட்டுக்கு வந்திருந்தார். கையெல்லாம் எண்ணெய்க் கறுப்பு. எல்லாம் கேட்டிருக்க வேண்டும். குசினிப் படியில் மெல்ல உட்கார்ந்தார்.

"அவவ ஏசாத. எனக்கும் அங்கதான் மருந்து."

அக்கா அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். விளையாடுகிறோம் என்று நினைத்தாரோ என்னவோ.

"பதினஞ்சு வருஷத்துக்கு மேல" என்றார் மச்சான். "எஞ்சின் சாமான் வாங்கப் போறதெண்டு சொல்றதெல்லாம் அதுக்குத்தான்."

அக்கா கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் குளிசைப் பையை மேசையில் வைத்தார். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு, நின்ற இடத்திலேயே அழுதார்.

"ஒரு கட்டில்ல படுத்தெழும்புற எனக்கு ஒரு சொல்லுச் சொல்லல்லயே. நான் என்ன, ஊராளா?"

"நீ பயந்திருவாய் எண்டு..."

"பயந்தா என்ன? சேர்ந்து பயந்திருப்பமே."

மச்சான் எண்ணெய்க் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு படியிலிருந்து எழுந்தார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அவர்களை விட்டு வெளியே போனேன்.

நாலு நாள் அக்கா எங்கள் இருவரோடும் பேசவில்லை. சோறு கறி நேரத்துக்கு வந்தது, பேச்சுத்தான் இல்லை. ஐந்தாம் நாள் விடியற்காலை, நான் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கப் புறப்பட்டபோது, அவர் மதில் கதவில் அபாயாவோடு நின்றார்.

"எனக்கும் சீனி வருத்தம் இரிக்கி. நடக்கச் சொல்லி டொக்டர் எப்பவோ சொன்ன. வா."

பெரிய வீதிப் பக்கம் திரும்பப் போனேன். அக்கா என் கையைப் பிடித்துக் கடற்கரைப் பக்கம் இழுத்தார். தோணிகள் கரைக்கு வரும் நேரம். ஆட்கள் வலையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள்; எங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இல்லை. ஈர மணலில் நடந்தோம். பாதித் தூரத்தில் அக்கா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பிறகு, "அவர்ர கை நடுங்கினத நான் கண்ட" என்றார். "எண்ணெய்ல வழுக்குது எண்டு சொன்னார். நானும் சரியெண்டு விட்ட. கேக்காம விட்டதும் என்ட பிழைதான்."

"ஒங்கட பிழையும் இல்ல, அவர்ர பிழையும் இல்ல ராத்தா."

"நீ படிச்சவ, அப்பிடிச் சொல்லுவாய்" என்றார். ஆனால் கையை விடவில்லை.

அடுத்த கிளினிக்குக்கு மூவரும் ஒரே பஸ்ஸில் போனோம். அக்கா மூன்று சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு வந்தார். டொக்டரிடம் மச்சானைப் பற்றிக் கால் மணித்தியாலம் முறைப்பாடு சொன்னார்: குறட்டை, வெற்றிலை, நேரத்துக்குச் சாப்பிடாதது. டொக்டர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நீங்க எப்பிடி இரிக்கீங்க?" என்று கேட்டார். அக்கா சோற்றுப் பார்சலை மடியிலிருந்து இறக்கி வைத்தார். உம்மாவுக்கு அவரும்தான் பிள்ளை. அன்று அவரும் கொஞ்சம் கதைத்துவிட்டுத்தான் வந்தார்.

ஊர் கதைக்கும் என்று பயந்தவர் அக்கா. அதற்கு அடுத்த மாதம் பஸ் தரிப்பில் எங்கள் எதிர்வீட்டுப் பெண், "மூணு பேரும் சேர்ந்து எங்க பயணம்?" என்று கேட்டாள். நான் ஏதோ முணுமுணுக்கத் தொடங்கினேன். அக்கா குறுக்கே புகுந்து, தரிப்பில் நின்ற அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "மனசுக்கு மருந்தெடுக்கப் போறம்" என்றார். "தடிமலுக்கு எடுக்கிறல்லயா, அது மாதிரி." மச்சான் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். அந்தப் பெண் பஸ் வருகிறதா என்று வீதியை எட்டிப் பார்த்தாள். நானும் எட்டிப் பார்த்தேன்.

ஊர் கதைத்தது உண்மைதான். ஒரு மாதம் கதைத்தது. பிறகு யாரோ வீட்டைப் பெரிதாகக் கட்டத் தொடங்கினார்கள். கதை அங்கே போய்விட்டது.

பாடசாலையில் நானாக ஒன்றும் சொல்லவில்லை. அது எப்படியோ அங்கும் வந்து சேர்ந்தது. ஒரு இடைவேளையில் விஞ்ஞானம் படிப்பிக்கிற டீச்சர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கணவருக்கு ஆறு மாதமாகத் தூக்கம் இல்லை, அந்த இடம் எங்கே என்று மெதுவாகக் கேட்டார். நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்: எந்த நாள், எந்த பஸ், எந்த வாசல், நம்பர் எங்கே எடுப்பது, என்ன கொண்டு போவது. அந்த இலவச எண்ணையும் எழுதினேன். பிறகு இன்னும் இருவர் கேட்டார்கள். திரும்பத் திரும்ப எழுதுவதைவிட என்று ஒரு நல்ல தாளில் தெளிவாக எழுதி, ஆசிரியர் அறையில் பாட நேரசூசிக்குப் பக்கத்தில் ஒட்டினேன். அதிபர் வந்து வாசித்தார். கழற்றச் சொல்வார் என்று நினைத்தேன். எழுத்து சின்னதாக இருக்கிறது, பெரிதாக எழுதுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார்.

இப்போது எனக்குக் குளிசை பாதியாகியிருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போனால் போதும். பயம் முற்றாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். போன மழைக்காலத்தில் இரண்டு தடவை வந்தது. இறங்கும்வரை இருந்தேன், போய்விட்டது. அக்காவின் சீனி இறங்கியிருக்கிறது, ஆனால் நோன்புப் பெருநாளைக்கு இனிப்பு வட்டிலப்பத்தில் கைவைப்பதை யாராலும் நிறுத்த முடியாது. மச்சான் இன்னும் மாதம் ஒரு தடவை போகிறார். இப்போதெல்லாம் வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறார்.

விடியற்காலையில் கடற்கரையில் நாங்கள் இப்போது ஆறு பேர் நடக்கிறோம். போன கிழமை எதிர்வீட்டுப் பெண்ணும் வந்தாள். முதல் நாள் என்பதால் மூச்சு வாங்கிற்று. அவளுக்காக நான் பின்தங்கி நடந்தேன். மற்றவர்கள் எட்டிப் போனதும், சவுதியில் இருக்கிற தன் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். அவன் இரண்டு மாதமாக யாரோடும் சரியாகப் பேசுவதில்லையாம். அவனை நினைத்து நினைத்து இவளுக்குச் சோறு இறங்குவதில்லை. இதற்கெல்லாமா அங்கே போவார்கள் என்று கேட்டாள்.

"இதுக்குத்தான் போவாங்க" என்றேன். "மகனுக்கும் அங்கிருந்தே கதைக்க வழி இரிக்கும், டொக்டர்ட்ட கேட்டுப் பாப்பம். வாற வியாழன் நானும் வாறன்."

எனக்கு அந்த வியாழன் கிளினிக் இல்லை. லீவுக்கு எழுதிக் கொடுத்திருக்கிறேன்.